குளத்தில் பால் ஊற்றியவள்

ஜூன் தொடக்கம், ரோட்டோர வீடு

மலைமேல் மந்தையோடு இருக்கும் குபாத்தின் அப்பாவுக்கு, கீழே உங்கள் வீட்டையும் உங்கள் தவளைகளையும் காவல் காத்துக்கொண்டிருக்கும் புருல்சா எழுதிக்கொள்வது.

நீங்கள் ஜீப்புக்காரன் தாலாயிடம் கொடுத்தனுப்பிய கடிதம் வந்தது. சிகரெட் அட்டையைக் கிழித்து எழுதினாலும் கடிதம் கடிதம்தான், குறை சொல்லவில்லை. முதல் வரியில் குளத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அடுத்த வரியில் தவளைகள் முட்டையிட்டு முடித்தனவா என்று. அதற்கும் அடுத்து சிவப்புப் பசு. கடைசியில் இடம் போதாமல் ஓரத்தில் நுணுக்கி 'நீ சுகமா' என்று. சுகம்தான். பசுவுக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டு சுகமாக இருக்கிறேன்.

தண்ணீர் நாணல் வரைக்கும் நிற்கிறது. முட்டைகள் கயிறு கயிறாகக் கிடக்கின்றன, அதிலிருந்து குஞ்சுகளும் வந்தாயிற்று. கரையோரம் கறுப்பாக, டீத்தூள் சிந்தினது போல அசைகிறது. பெரிய தவளைகள் பொழுது சாய்ந்ததும் ஆரம்பித்துவிடுகின்றன. பச்சைத் தேரைகளோ விசில் ஊதுகிற போலீஸ்காரனைப் போல மூச்சு விடாமல் இழுக்கின்றன. நீங்கள் இதைத் தாலாட்டு என்பீர்கள். நான் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன்.

ரோடு போட வந்தவர்கள் நம் உருளைக்கிழங்குத் தோட்டத்தின் மூலையைத் தோண்டி ஜல்லி எடுத்தார்களே, 'மூடிட்டுத்தான் போவோம் பாட்டி' என்று என் கையால் ரொட்டியும் வெண்ணெயும் வாங்கித் தின்றுவிட்டுப் போன மேஸ்திரியின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இடது புருவத்தின் மேல் மரு. சட்டையில் மூன்றாவது பொத்தான் வேறு நிறம். நான் கேள்வி கேட்கப் போனபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? 'விடு, மாடு தண்ணி குடிக்கும்' என்றீர்கள். குழி குளமானது, எந்த மாடும் அதில் வாய் வைக்கவில்லை. தவளைகள்தான் குடியேறின. போகிற லாரிக்காரன் எவனாவது அதன் பக்கத்தில் நிறுத்தி ஆயில் மாற்றினால் நீங்கள் சாட்டையோடு ஓடினீர்கள். எனக்காக ஒரு நாளாவது சாட்டை எடுத்திருக்கிறீர்களா? சரி, போகட்டும்.

போன வாரம் ஒரு தேரை வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. என் ரப்பர் செருப்புக்குள் உட்கார்ந்திருந்தது, நான் காலை விட்டுவிட்டேன். அலறினேன் என்று மருமகள் ஜிபார் சொல்வாள், நம்பாதீர்கள். வீட்டுக்குள் வந்த உயிரைச் சும்மா விரட்டலாமா? பாம்பு வந்தால் செய்வது போல, தலையில் ஒரு கரண்டி பால் தெளித்து, மரியாதையாகக் கதவைத் திறந்து விட்டேன். அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து வீட்டு சோனுன் சல்லடை கேட்டு வர வேண்டுமா? வந்தாள், பார்த்தாள், சல்லடை வாங்காமலே போனாள். ஊரெல்லாம் இப்போது நான் தவளைக்குப் பால் ஊற்றி வளர்க்கிறேன் என்று பேச்சு.

நல்ல செய்தி ஒன்று. நம் குபாத் தன் கார் கழுவும் கொட்டகைக்குப் புதிதாக நுரை அடிக்கும் மிஷின் வாங்கியிருக்கிறான். நீங்கள் பார்க்க வேண்டும்! துப்பாக்கி மாதிரி பிடித்து அழுத்துகிறான், காரின் மேல் குளிர்காலம் வந்து இறங்கினது போல இருக்கிறது. கணவாய் தாண்டி வரும் லாரிக்காரர்கள் விடியற்காலையிலேயே வரிசையில் நிற்கிறார்கள். நம்ம சம்பந்தி கலிபா ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேலியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து பார்க்கிறாள். நான் வேண்டுமென்றே வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். என் மகனுக்குப் பெண் கொடுத்துவிட்டு, கல்யாண விருந்தில் எனக்கு, மூத்த பெண்களுக்குரிய வால் எலும்பு வைக்காமல் தோள்பட்டை எலும்பை வைத்தவள் அல்லவா? சின்னப் பெண்களுக்கு வைக்கிற துண்டு! நான் அதைத் தின்றேன். தின்றுகொண்டே அவள் கண்ணைப் பார்த்தேன். அவளுக்கு நினைவிருக்கும்.

ஜிபாருக்கு வயிறு பெரிதாகிவிட்டது. குனிய முடியவில்லை, ஆனாலும் பால் கறக்க என்னை விடுவதில்லை. நல்ல பிள்ளை, அம்மாவைக் கொள்ளவில்லை. ஆகஸ்டு முதலில் பிறக்கும் என்று கோச்கோர் ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

முழங்காலுக்குக் கம்பளி சுற்றிக்கொள்ளுங்கள். ஈரப் புல்லில் உட்காராதீர்கள்.

உங்கள் பசுவுக்கு அடுத்தபடியாக இருக்கும்,
புருல்சா


ஜூன் கடைசி

குபாத்தின் அப்பாவுக்கு, கொதித்துப்போய் இருக்கும் புருல்சா எழுதுவது.

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள். குதிரைமேல் இருந்தால் இறங்கிவிடுங்கள்.

குளத்தில் யாரோ பால் கொட்டுகிறார்கள்.

பொய் இல்லை, என் கண்ணால் பார்த்தேன். மாடு கறந்து முடித்துக் காலையில் போய்ப் பார்த்தால் நாணலுக்குள் வெள்ளை வெளேரென்று மிதக்கிறது. பொங்கி வழிந்த பால் போல, ஆடை ஆடையாக. மத்தியானத்துக்குள் காணாமல் போகிறது, மறுநாள் காலையில் மறுபடியும். ஒரு துளி பால் தரையில் சிந்தினாலே என் அம்மா தலையில் குட்டி, விரலால் தொட்டு நெற்றியில் வைக்கச் சொல்வாள். இங்கே குடம் குடமாகக் கொட்டிக் கிடக்கிறது. இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு நெஞ்சா?

உங்கள் தவளைகளைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் நீங்கள் என்னிடம்தானே ஒப்படைத்துவிட்டுப் போனீர்கள், எழுதுகிறேன். குஞ்சுகள் வயிறு மேலே தெரிய மிதக்கின்றன. பெரியவை கரையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, நான் பக்கத்தில் போனாலும் குதிக்காமல் இருக்கின்றன. தோல் சாம்பல் பூசினது போல வறண்டிருக்கிறது. ஒன்றைத் தொட்டேன், என்னைப் பார்த்தது, அவ்வளவுதான். தேரைகள் குளத்தை விட்டே கிளம்பி ரோட்டைத் தாண்டப் பார்க்கின்றன. பாதி லாரிச் சக்கரத்தில் போயிற்று. சாயங்காலம் பஞ்சு வைக்கத் தேவையே இல்லை. பஞ்சு வைக்காமல் படுத்தால் தூக்கம் வருவேனா என்கிறது.

லாரி ஆயிலையும், குளிர்காலத்தில் பனி உருக ரோட்டில் கொட்டுகிற உப்பையும் தாங்கிக்கொண்டு பத்து வருஷம் கத்திய ஜாதி. பாலில் செத்துப்போகிறது என்றால் அது தரையில் கொட்டின பாலின், வெள்ளையின் சாபம்தானே?

யார் செய்தது என்று கேட்பீர்கள். எனக்கு முதல் நாளே தெரியும். பால் எடுக்க வரும் வண்டிக்காரன் போன வாரம் கலிபாவின் பாலை 'தண்ணி கலந்திருக்கு' என்று திருப்பிவிட்டான். அந்தப் பாலெல்லாம் எங்கே போனது? இன்னும் ஒன்று, அந்த வெள்ளையில் ஆப்பிள் வாசனை வருகிறது. ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆப்பிள் மரம் யார் வீட்டில் இருக்கிறது? ஜூன் மாதத்தில் ஆப்பிள் ஏது என்று நான் யோசிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். யோசித்தேன். போன வருஷம் உலர்த்தி வைத்த ஆப்பிளை மாட்டுக்குப் போட்டிருப்பாள், பாலில் இறங்கியிருக்கும் என்று முடிவு செய்தேன்.

ஊர்ப் பெரியவர்களைக் கூட்டச் சொன்னேன். ஓஸ்மோனாலிப் பெரியவர்தான் நடுவில் உட்கார்ந்தார். தொப்பியைக்கூடச் சரியாக வைக்கவில்லை, தூக்கத்திலிருந்து எழுந்து வந்த முகம். நான் நடந்ததைச் சொன்னேன். கலிபா எழுந்தாள்.

"தவளைக்குப் பால் ஊத்துறவ இந்த ஊர்லயே ஒருத்திதான். சோனுன் கண்ணால பாத்தா. அவள விட்டுட்டு என்னைக் கூட்டி வச்சுக் கேக்குறீங்களா?"

"அது ஒரு கரண்டிப் பால்டி! வீட்டுக்குள்ள வந்த உயிருக்கு வெள்ளை தெளிச்சு அனுப்புறது நம்ம முறை!"

"அது பாம்புக்கு, சம்பந்தியம்மா. தவளைக்கு எவ ஊத்துவா? நாளைக்குக் கொசு வந்தா தயிர் கடைஞ்சு வப்பியா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஓஸ்மோனாலிகூட. அவர் சிரித்ததை நான் குறித்துக்கொண்டேன், அவர் வீட்டு விருந்து எதற்கும் இனி என் கையால் எண்ணெயில் பொரித்த போர்சோக் கிடையாது.

"வண்டிக்காரன் திருப்புன பாலை எங்க கொட்டுன, அதைச் சொல்லு!" என்றேன்.

"கன்னுக்குட்டிக்கு ஊத்துனேன்."

"உன் வீட்டுப் பாலை உன் கன்னுக்குட்டியே குடிக்காது!"

ஓஸ்மோனாலி, "ரெண்டு பேரும் டீ குடிச்சிட்டு வீட்டுக்குப் போங்கம்மா, புல்லு அறுக்குற நேரம்" என்றார். அதோடு எழுந்திருந்தால் வேலை முடிந்திருக்கும். அவள்தான் விடவில்லை. "தவளைத் தாயி" என்றாள். என்னை! எல்லார் முன்னாலும்! "வெள்ளையைக் கொட்டுற கையால நாளைக்குப் பொறக்கப் போற பிள்ளையத் தூக்காத" என்று சொல்லிவிட்டேன்.

ஜிபார் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், நான் கவனிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தலைத்துணியை அவிழ்த்து மறுபடி கட்டினாள். "அத்தே, அந்தக் கைதான் என்னைத் தூக்கி வளத்துச்சு" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நம் வீட்டுக்குத் திரும்பவில்லை, நேராக ரோட்டைத் தாண்டி அம்மா வீட்டுக்குப் போனாள். லாரிகள் நின்று வழிவிட்டன.

இரண்டு நாளில் வந்துவிடுவாள் என்று குபாத்திடம் சொல்லியிருக்கிறேன். அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அவன் துணியை அவனே துவைக்கிறான், சரியாகப் பிழிவதில்லை.

நீங்கள் என்மேல் கோபப்படுவதானால் கலிபாவின்மேல் பட்டு முடித்துவிட்டு, மிச்சம் இருந்தால் படுங்கள்.

இன்னும் கொதிப்பு அடங்காத,
புருல்சா


ஜூலை நடுவில்

குபாத்தின் அப்பாவுக்கு.

இந்தத் தடவை நீங்கள் எழுதின அட்டையில் நான் சுகமா என்றே கேட்கவில்லை. 'கலிபாவைப் பிடித்துக் கையும் களவுமாகக் காட்டு, இல்லாவிட்டால் மருமகளைப் போய்க் கூட்டி வா' என்று இரண்டே வரி. சரி. பிடிக்கத்தான் போனேன்.

விடிவதற்குள் உங்கள் பழைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, தடியை எடுத்துக்கொண்டு, குளத்தின் நாணலுக்குள் போய் உட்கார்ந்தேன். ஈரம் முழங்கால் வரை ஏறியது. கொசு காதைத் தின்றது. தவளை இருந்த காலத்தில் இந்தக் கொசு எங்கே போயிருந்தது என்று அப்போதுதான் யோசித்தேன். கொஞ்ச நேரத்தில் எதிர்க்கரை நாணல் அசைந்தது. வந்துவிட்டாள் என்று மூச்சைப் பிடித்தேன். அவள் வாளியைக் கவிழ்க்கிற நேரத்தில் எழுந்து நிற்பதற்காகத் தடியை இறுக்கிப் பிடித்தேன். அவள் கவிழ்க்கவில்லை. உட்கார்ந்தே இருந்தாள். எனக்குத் தும்மல் வந்தது. தும்மிவிட்டேன்.

"யாருடி அது?" என்றது எதிர்க்கரை.

"நான் கேக்க வேண்டியத நீ கேக்குறியா? வாளி எங்க?"

"என்ன வாளி? நீ ஊத்துறதப் பிடிக்கத்தானே நான் உக்காந்திருக்கேன்!"

அவளுக்கும் கையில் தடி. தலையில் அவள் புருஷனின் தொப்பி. இரண்டு பேரும் இடுப்பளவு நாணலில் எழுந்து நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வெளிச்சம் வந்துவிட்டிருந்தது. அப்போதுதான் நம் பக்கத்துச் சரிவில், கல்லுக்கு அடியில் கிடக்கும் குழாய் ஒன்று கொப்பளித்தது. முதலில் அழுக்குத் தண்ணீர். அப்புறம் வெள்ளை. பொங்கிப் பொங்கி, தட்டையாகப் பரந்து, குளத்தின் மேல் போர்வை போல. ஆப்பிள் வாசனை.

குழாயின் மறுமுனை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள்தானே குபாத்துக்குப் புதைத்துக் கொடுத்தீர்கள். கொட்டகையில் அவன் ஒரு லாரியின் மேல் நுரை அடித்துக்கொண்டு, வாயில் விசிலோடு.

கலிபா சிரித்தாள். நாணலைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மூச்சு வாங்கச் சிரித்தாள். தொப்பி தண்ணீரில் விழுந்தது, அதையும் எடுக்கவில்லை. நான் அப்போதே போயிருப்பேன், கால் சேற்றில் புதைந்துகொண்டது. அவள் சிரித்து முடிக்கிற வரைக்கும் நான் நிற்கவேண்டியதாயிற்று. முடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பு போய்விட்டது.

"அந்தா நிக்கிறானே உன் பிள்ளை, அந்தக் கையால பொறக்கப்போற பிள்ளையத் தூக்கலாமா கூடாதா? யோசிச்சுச் சொல்லு சம்பந்தியம்மா" என்றாள். என் கையை எட்டிப் பிடித்துச் சேற்றிலிருந்து இழுத்துவிட்டாள். இழுத்துவிட்டுத்தான் போனாள். அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. விட்டுவிட்டுப் போயிருந்தால் நான் நிம்மதியாகத் திட்டியிருப்பேன்.

குபாத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அம்மா, அது கார் ஷாம்பு. பாலா அது? மண்டையில ஏதாவது அடிபட்டுச்சா?"

"குளத்துல எதுக்குடா விட்ட?"

"எங்க விடுறது? ரோட்டுலயா? தண்ணியில தானா கரைஞ்சிடும், ஒண்ணும் பண்ணாதுன்னு டப்பாவுலயே எழுதியிருக்கு."

"டப்பாவுல எழுதுனவன் தவளையாடா?"

அந்த ஷாம்புவில் என் கையை முக்கிப் பார்த்தேன். காய்ந்ததும் தோல் இழுத்துப் பிடிக்கிறது, வெண்ணெய் தடவினால்தான் விட்டது. தவளைக்குத் தோல்தான் மூக்கு என்று நீங்கள் ஒரு நாள் சொன்னீர்கள். நான் அன்றைக்கு, 'உங்களுக்கு வேற பேச்சே இல்லையா' என்று எழுந்து போனேன். இப்போது நினைத்தேன்.

இதற்காக நான் கலிபாவிடம் போய் நிற்கவேண்டும் என்று யாரும் எழுதாதீர்கள். பாலை வண்டிக்காரன் திருப்பியது உண்மை. ஆப்பிள் வாசனை உண்மை. குளம் வெள்ளையாக இருந்ததும் உண்மை. எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். ஆள்தான் கொஞ்சம் மாறிப்போனது.

ஜிபாரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. குபாத் சாயங்காலம் போய் வருகிறான். 'எப்படிடா இருக்கா' என்றால் 'இருக்கா' என்கிறான். நான் அவளுக்காகத் தைத்து வைத்த தொட்டில் துணிகளை எடுத்துப் பார்த்தேன். மறுபடி மடித்து வைத்தேன்.

மழைக்கோட்டு நாணலில் கிழிந்துவிட்டது. தைத்துவிட்டேன்.

புருல்சா


ஜூலை கடைசி

மலைமேல் இருக்கும் என் வீட்டுப் பெரியவருக்கு, புருல்சா வணக்கத்தோடு எழுதுவது.

வணக்கத்தோடு என்று போட்டதைப் பார்த்து பயப்படவேண்டாம். யாரும் சாகவில்லை.

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். குழாயைப் பிடுங்கியாயிற்று. அழுக்குத் தண்ணீர் குளத்துக்குப் போகாமல் இருக்க ஒரு குழி வேண்டும், அதில் கல்லும் மணலும் போட்டு மண்ணுக்குள்ளேயே இறங்கவிட வேண்டும் என்று குபாத் சொன்னான். இடம் எங்கே என்று சுற்றிப் பார்த்தான். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். பார்க்காமல் இருந்திருக்கலாம். ரோடு போட்டவன் விட்டுவைத்த உருளைக்கிழங்குத் தோட்டத்தில் பாதியை நானே மண்வெட்டி எடுத்து வெட்டிக் கொடுத்தேன். கிழங்கு இன்னும் கோலிகுண்டு அளவுதான், பிடுங்கி அவித்தேன். எட்டு நாள் உருளைக்கிழங்குதான் தின்றோம். அந்த மரு மேஸ்திரி ஒருநாள் இந்த வழியாக வராமலா போவான்.

நுரை மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டேன். வெறும் தண்ணீரும் துணியும்தான். லாரிக்காரர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். ஒருத்தன் இறங்கி வந்து, "என்ன பாட்டி, நுரை இல்லையா? நுரைக்காகத்தான் கணவாய்ல இருந்து அழுக்கோட வந்தேன்" என்றான். "நுரை வேணும்னா குமிஸ் குடி, புளிச்ச குதிரைப் பால்ல நுரை இருக்கு" என்றேன். குடித்தான். போகும்போது ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டும் போனான். குபாத் முதலில் முறைத்தான், இப்போது கொட்டகைக்குப் பக்கத்தில் குமிஸ் பலகை எழுதி வைக்கலாமா என்று கேட்கிறான்.

குளத்துக்குப் புதுத் தண்ணீர் வேண்டும். வாய்க்கால் முறை நமக்கு அடுத்த வாரம்தான், இந்த வாரம் கலிபாவின் முறை. நான் கேட்கவில்லை. கேட்பேனா? சாயங்காலம் பார்த்தால் ரோட்டுக்கு அடியில் வரும் மதகு திறந்திருக்கிறது, தண்ணீர் நம் குளத்துக்கு ஓடுகிறது. சோனுன் போய்க் கேட்டாளாம். 'என் தோட்டத்துக்குத் தண்ணி ஜாஸ்தியாயிடுச்சு' என்றாளாம் கலிபா. தக்காளி வாடிக் கிடக்கிறது, என் ஜன்னலிலிருந்தே தெரிகிறது. இப்படி ஒரு அகம்பாவம் பிடித்தவளை நான் பார்த்ததில்லை.

இனி எழுத நினைத்ததை எழுதுகிறேன்.

தேரைகள் ரோட்டைத் தாண்டிப் போயின என்று எழுதினேன் அல்லவா. சக்கரத்துக்குத் தப்பினவை கலிபா வீட்டு வேலியோரக் கால்வாயில் இருந்திருக்கின்றன. அது ஜூலையில் வற்றிப்போகும். ஒரு நாள் காலையில் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், ஜிபார் வயிற்றைத் தூக்கிக்கொண்டு, ஒரு பால் வாளியோடு, ரோட்டைத் தாண்டி வருகிறாள். நேராகக் குளத்துக்குப் போனாள். கரையில் மெதுவாக மண்டியிட்டு வாளியைச் சாய்த்தாள். தேரைகள்! ஒவ்வொன்றாக இறங்கிப் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து, வந்த வழியே போனாள். நம் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். நான் வெளிக்கதவைத் திறந்து வைத்தேன். வாசலில் நாற்காலி போட்டு, மேலே மெத்தையும் போட்டு வைத்தேன். அவள் குனிவதற்கு எவ்வளவு கஷ்டப்படுகிறாள் என்று தெரியுமா உங்களுக்கு? நான் போய் வாளியை வாங்கியிருக்கலாம். செருப்பு மாட்டினேன். இரண்டு தடவை மாட்டினேன்.

முந்தாநாள் அவள் கரையிலிருந்து எழுந்திருக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். நான் கத்தினேன், அது ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும். குபாத் கொட்டகையிலிருந்து ஓடினான், கலிபா அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வந்தாள். வலி இல்லையாம், பிடிப்புதானாம். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக் கூட்டிப் போனார்கள். நானும் ரோடு வரைக்கும் போனேன். வண்டிகள் வந்துகொண்டிருந்தன. நின்றேன். அவர்கள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகு வண்டி வருவது நின்றது. அப்புறமும் நின்றேன். திரும்பி வந்துவிட்டேன்.

அந்த அவசரத்தில் வாளி கரையிலேயே கிடந்துவிட்டது. கலிபாவின் வாளி. கைப்பிடியில் நீல நூல் சுற்றியிருக்கிறாள், அவளுடையதை யாராவது திருடிவிடுவார்களாம். கழுவி, வெயிலில் காயவைத்து, வாசலில் வைத்திருக்கிறேன். அங்கேயே வைத்துக்கொள்ள முடியாது, அவள் பால் கறக்க வேண்டும். திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறும் பாத்திரமாக எப்படித் திருப்புவது? அவ்வளவு கேவலமாகிவிடவில்லை நாம். எதை நிரப்புவது என்று ராத்திரியெல்லாம் புரண்டேன். உருளைக்கிழங்கு வைத்தால் அது கோலிகுண்டு. மாவு வைத்தால் அவள் வீட்டில் மாவு இல்லையா என்பாள். நம் வீட்டுப் பாலை ஊற்றினால், 'தவளைக்கு ஊத்துன மிச்சமா' என்பாள், சொல்லாமல் விடமாட்டாள், நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

ஆகையால் இந்த வாளிக்கு மலைக் குமிஸ்தான். நீங்கள் உங்கள் கையால் கடைந்தது. புகை போட்ட தோல்பையில், புளிப்பு நன்றாக ஏறியது. தாலாயிடம் கொடுத்து அனுப்பாதீர்கள், அவன் ஜீப்பு குலுக்குகிற குலுக்கில் பாதி வழியிலேயே போய்விடும். நீங்களே எடுத்துக்கொண்டு வாருங்கள். மந்தையை உங்கள் தம்பி நாலு நாள் பார்த்தால் ஓநாய் ஒன்றும் தின்றுவிடாது.

வந்ததும் வாளியை நிரப்பிக்கொண்டு நீங்கள் முன்னால் நடக்க வேண்டும், நான் பின்னால் வருவேன். என் கை இப்போதெல்லாம் நடுங்குகிறது, விளிம்பு வரை நிரப்பின வாளியை என்னால் சிந்தாமல் எடுத்துப் போக முடியாது. நடு ரோட்டில், கலிபா வேலியோரம் நின்று பார்க்கும்போது, நான் வெள்ளையைத் தரையில் கொட்டினால் என் கதி என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். நீங்கள் எடுத்துக்கொண்டு போங்கள். வாசலில் என்ன சொல்ல வேண்டுமோ அதை நீங்கள் சொல்லுங்கள், உங்களுக்குத்தான் குறைவாகப் பேசத் தெரியும். ஜிபாரின் நெற்றியில் நீங்கள் முத்தம் வைத்ததும் நான் வைப்பேன். அவள் தள்ளிவிட்டால் தள்ளிவிடட்டும்.

இன்னும் பத்து நாள்கூட இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை யார் வீட்டில் பிறந்தாலும், எந்தக் கை முதலில் தூக்கினாலும், தூக்குகிற கைக்கு நோவு வராமல் இருக்கட்டும். இதை நான் சொன்னதாக அங்கே யாரிடமும் சொல்ல வேண்டாம்.

தவளைகள் கத்துகின்றனவா என்று மறுபடியும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு நாளாக நாணலுக்குள் ஏதோ ஒன்று தொண்டையைச் செருமிச் செருமி நிறுத்துகிறது. அது தவளையா, என் காதா, எனக்குத் தெரியவில்லை. வந்து நீங்களே கேட்டுச் சொல்லுங்கள். கதவைத் தாழ் போடாமல் படுக்கிறேன்.

உங்கள் முழங்கால் குதிரையில் அதிகம் நோகாமல், மழை பிடிக்காமல், வழி நேராக அமையட்டும்.

உங்கள் வரவுக்காகக் கழுவிய வாளியோடு காத்திருக்கும்,
புருல்சா